நயினார்குளத்து வாத்தெல்லாம் ஒரே பழுப்பா இருக்கே, எதை வச்சு இனம் பிரிக்கிறது?

பாளை வாசகி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் யாராவது இருந்தா இதைக் கொஞ்சம் பாருங்க.

என் மகன் எட்டாவது படிக்கிறான். அவன் தாய்மாமன் எட்டுக்கு நாற்பத்திரண்டு பைனாகுலர் ஒண்ணு வாங்கிக் கொடுத்ததுல இருந்து என்னோட ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போச்சு. பாளையங்கோட்டையில இருந்து ஸ்கூட்டியில கிளம்பி, டவுன் நயினார்குளத்துக்கு ஏழரை, எட்டு மணி வாக்கில் போய்ச் சேருவோம். காய்கறி மார்க்கெட் லாரிகள் கொஞ்சம் ஒதுங்கின நேரம் பார்த்துக் கரையோரமா நிப்போம்.

புத்தகத்துல இருக்கிற வாத்துக்கும் குளத்துல இருக்கிற வாத்துக்கும் சம்பந்தமே இல்ல. புத்தகத்துல ஒண்ணுக்குப் பச்சைத் தலை, ஒண்ணுக்கு வெள்ளைப் புருவம், இன்னொண்ணுக்குக் கழுத்துல வெள்ளைக் கோடு. இங்க எல்லாமே பழுப்பு. அதுலயும் பாதிக்கு மேல தலையை முதுகுச் சிறகுக்குள்ள செருகிட்டுத் தூங்குது. "எல்லாம் பொம்பள வாத்தாம்மா?"ன்னு கேக்கிறான். என்ன பதில் சொல்ல?

பைனாகுலர் வழியா செல்போன்ல எடுத்த மூணு படம் இருக்கு. தெளிவா இல்லாததால போடல, வார்த்தையில சொல்றேன். முதல் படத்துல சின்ன உருவம், கண்ணு வழியா ஒரு கறுப்புக் கோடு, அதுக்குக் கீழ கன்னத்துல இன்னொரு மங்கல் கோடு, அலகு முளைக்கிற இடத்துல வெளிறின பொட்டு. ரெண்டாவது நல்ல பெரிய வாத்து. உடம்பெல்லாம் செதில் செதிலா இருக்கு, கறுப்பு அலகோட நுனி மட்டும் மஞ்சள். மூணாவது முழுக் கறுப்பு, நெத்தியில வெள்ளை. இந்த மூணாவதுதான் குளம் பூரா கிடக்கு.

இன்னொரு சந்தேகமும் இருக்கு. போன தையில இதே குளத்துல வாத்துக் கூட்டம் நிறைய இருந்துச்சு. இந்த வருஷம் மழை நல்லாப் பெஞ்சு குளம் நிறைஞ்சு கிடக்கு, வாத்து ரொம்பக் கம்மி. தண்ணி இருந்தா வாத்து கூடத்தானே வரணும்? இந்த வருஷம் வலசையே குறைஞ்சுபோச்சா?

பையனைக் கூட்டிட்டுப் போற மாதிரி வேற குளம் இருந்தாலும் சொல்லுங்க.

---

வெள்ளலூர் சைக்கிள்காரன்

வணக்கமுங்க அக்கா. நான் கோயமுத்தூர். நயினார்குளம் பார்த்ததில்லீங்க, ஆனா வாத்து எல்லா ஊர்லயும் வாத்துதானே.

மூணாவது படத்துல இருக்கிறது வாத்தே இல்லீங்க, நாமக்கோழி. காலுல வாத்து மாதிரி முழுச் சவ்வு இருக்காது, ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியா மடல் இருக்கும். புதுசாப் பாக்க வர்றவங்க கணக்குல பாதி வாத்து இந்த நாமக்கோழிதான். அதைக் கழிச்சுட்டு மறுபடி பாருங்க, மிச்சத்தை இனம் பிரிக்கிறது அவ்வளவு பயமா இருக்காது.

தம்பி கேட்டதுக்குப் பதில்: எல்லாம் பெண் இல்லீங்க. ஆண் வாத்துகள் இனப்பெருக்கம் முடிஞ்சதும் அந்தப் பகட்டு இறகையெல்லாம் உதுத்துடும். பறக்கிற இறகும் ஒரே சமயத்துல கொட்டிப் போறதால மூணு நாலு வாரம் பறக்கவே முடியாது. அந்த நேரத்துல பச்சைத் தலையோட குளத்துல மிதந்தா நரிக்குத் தானே விருந்து வச்ச கணக்குத்தான். அதனால பெட்டை மாதிரியே பழுப்பு உடுத்திக்கும். பறக்கிற இறகு முளைச்சதும் அதே பழுப்போட கிளம்பி நம்ம ஊருக்கு வந்துடும். புத்தகத்துல போட்டிருக்கிற அலங்காரம் இங்க வந்த பிறகு கொஞ்சங்கொஞ்சமா வருது.

இனத்துக்கு இனம் தேதி மாறும். ஊசிவால் வாத்து, அதான் பின்டெயில், மார்கழிக்குள்ள பெரும்பாலும் மாறிடும். தட்டைவாயன்னு சொல்ற ஷவலருக்குத் தை ஆகும். நீலச்சிறகி, அதாவது கார்கனி, எல்லாத்துலயும் சோம்பேறி. அந்த வெள்ளைப் புருவம் மாசி பொறந்தாத்தான் பாக்க முடியும். உங்க முதல் படம் அந்த நீலச்சிறகிதான்னு நினைக்கிறேன். பெட்டையா, மாறாத ஆணான்னு உக்காந்திருக்கிறப்ப சொல்றது கஷ்டம்.

மெர்லின் ஆப் போன்ல போட்டுக்குங்க. படத்தைக் குடுத்தா உத்தேசமாச் சொல்லும்.

---

மறுகால்

அம்மா, நான் பொதுப்பணித்துறையில பாசனப் பிரிவுல வேலை பார்த்து ஓய்வு பெத்தவன். தாமிரபரணிப் பாசனத்துல கால்வாய், மடை, மறுகால்னு கிடந்த ஆளு. பறவை பாக்கணும்னு நான் போகல. தண்ணி அளக்கப் போன இடத்துல அதுக நின்னுச்சு. அதனால என் பதில் தண்ணியில இருந்துதான் வரும், பொறுத்துக்கோங்க.

வலசை குறைஞ்சுபோச்சான்னு கேட்டீங்க. ஒரு குளத்தை வச்சு அதைச் சொல்ல முடியாது. நீங்க பாக்க வேண்டியது குளம் எவ்வளவு நிறைஞ்சிருக்குங்கிறதை இல்ல, எவ்வளவு ஆழமா இருக்குங்கிறதை. இங்க வாற வாத்துல பெரும்பாலானது முங்கித் தின்னாது. தலையைக் கீழே விட்டு, வாலை மேல தூக்கி, கழுத்து எட்டுற மட்டும் சேத்தைத் துழாவும். கழுத்து நீண்ட ஊசிவாலுக்கே முக்கால் முழம், மிஞ்சினா ஒரு முழம் தண்ணிதான் தோது. நீலச்சிறகிக்கு அதைவிடக் கம்மி. நயினார்குளத்துக்கு நெல்லைக் கால்வாய்ல, சுத்தமல்லி அணைக்கட்டுத் தண்ணி வருது. அதோட ஐப்பசி கார்த்திகை மழையும் சேர்ந்தா மறுகால் பாயுற அளவுக்கு, அதாவது நிறைஞ்சு வழியுற அளவுக்கு நிக்கும். அந்தத் தண்ணியில நீர்க்காகமும் முக்குளிப்பானும் சந்தோஷமா இருக்கும். நாமக்கோழியும் முங்கித் தின்னும். வாத்து எங்க போய் மேயும்?

அது வேற எங்கேயும் போகல. தண்ணி பரவலா நிக்கிற வருஷம், நாலு குளத்துல கூடி நின்னது நாற்பது குளத்துல சிதறிப்போகும். மானாவாரிப் பக்கம் வருஷத்துல எட்டு மாசம் மாடு மேயுற சின்னக் குளத்துலகூட நிக்கும். பிசான நெல்லு நடவுக்கு மடையைத் திறந்து குளத்துத் தண்ணி இறங்க இறங்க, உள்வாய்ல, அதாவது கரைக்கு உள்பக்கம் தண்ணி நிக்கிற பரப்புல, சேறு தெரிய ஆரம்பிக்கும். அப்பப் பாருங்க, ஒரே வாரத்துல வந்து இறங்கும். நீங்க போன தையில பார்த்தது அதுதான். இந்த வருஷமும் தையில பாப்பீங்க, இல்லன்னா மாசியில பாப்பீங்க. குளம் வத்தினா நல்லதுன்னும் நினைச்சிராதீங்க. ஒரேயடியா வத்தினா மீன்பாசிக் குத்தகைக்காரங்க வலையோட இறங்கிருவாங்க, அப்புறம் ஒரு குஞ்சும் நிக்காது.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நீங்க மறந்திருக்க மாட்டீங்க. காயல்பட்டினத்துல ஒரு நாள் மழை மட்டும் 95 சென்டிமீட்டர். அதுல கரை உடைஞ்ச குளங்கள் ஒரே ராத்திரியில காலியாகி வெறும் சேறாக் கிடந்துச்சு, உடையாத குளங்கள் விளிம்பு வரைக்கும் நின்னுச்சு. பக்கத்துப் பக்கத்துக் குளம்தான், ஒண்ணுல சேத்துல நடந்து மேயுற உள்ளான், இன்னொண்ணுல நாமக்கோழி. எந்தப் பறவைப் புத்தகத்தையும் விட மடை ஷட்டர் எவ்வளவு திறந்திருக்குன்னு பாக்கிறது உங்களுக்கு உதவும்னு நான் சொல்றது இதனாலதான்.

அடுத்தது நேரம். காலை எட்டு மணிக்கு வாத்து தூங்குதுன்னு குறைபட்டுக்கிட்டீங்க. ராத்திரி முழுக்க மேஞ்சுட்டு வந்த சீவன், பகல்ல தூங்காம என்ன செய்யும்? நீலச்சிறகி, ஊசிவால், சீழ்க்கைச்சிறகி மூணும் அந்தி சாய்ஞ்சதும் குளத்தை விட்டுக் கிளம்பி வயக்காட்டுக்குப் போயிரும். சிந்தின நெல்லு, புல்லுவிதை, பூச்சின்னு தின்னுட்டு விடியுமுன்ன திரும்பும். குளம் அதுகளுக்குப் படுக்கை, சாப்பாட்டு இடம் பெரும்பாலும் வெளிய. அதனால நீங்க சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல போங்க. மேற்கு வெளிச்சம் எதிர்ல இருக்கிற மாதிரி கரையில உக்காருங்க. சூரியன் மறைஞ்ச பத்து நிமிஷத்துல முதல்ல சத்தம் வரும். சீழ்க்கைச்சிறகி பறக்கிறப்ப விடாம விசிலடிக்கும், கழுத்து தொங்கலா இருக்கும், சிறகு அகலமாக் கறுப்பாத் தெரியும். தலைக்கு மேல போனா நிமிர்ந்து பாக்காமலே சொல்லிரலாம். ஆனா அது வெளிநாட்டுக்காரன் இல்ல, நம்ம ஊர்க்காரன்.

உங்க ரெண்டாவது படமும் ஊர்க்காரன்தான், புள்ளிமூக்கு வாத்து. அலகு நுனி மஞ்சள், அடியில ரெண்டு பக்கமும் செம்பொட்டு. தலையைச் செருகித் தூங்கினாலும் முதுகோட பின்பாதியில ஒரு வெள்ளைப் பட்டை தெரியும். அது ஒண்ணு போதும். முதல் படம் நீலச்சிறகியேதான், கோயமுத்தூர் தம்பி சரியாச் சொல்லிட்டார். நம்ம தென்மாவட்டக் குளங்கள்ல வாற விருந்தாளிகள்ல அதுதான் அதிகம், அதனால சந்தேகம் வந்தா முதல்ல அதையே நினைங்க.

பகல்லயும் முழிச்சுக்கிட்டு மேயுற ஒரு ஆளு உண்டு, தட்டைவாயன். அதைப் பையனுக்குக் காட்டுங்க. மடைப்பக்கம், டவுன் சாக்கடை வந்து கலக்கிற மூலையில நிக்கும். அந்தத் தண்ணியை நாம மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத் தாண்டுவோம். அதுக்கு அங்கதான் பந்தி, நுண்ணுயிர் அவ்வளவு இருக்கும். பத்து இருபது சேர்ந்து ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு வட்டம் சுத்தும். நடுவுல தண்ணி சுழிச்சு அடியில இருக்கிறது மேல வரும். முன்னால போற வாத்து கால் கிளப்பிவிட்டதைப் பின்னால வாறது அள்ளும். கழுத்தை நீட்டி அலகைத் தண்ணிமட்டத்துல படிய வச்சு இடமும் வலமும் வீசிட்டே போகும். அலகு ஓரத்துல சீப்புப் பல்லு கணக்கா நூத்துக்கும் மேல மெல்லிசு இழை இருக்கு. தண்ணி ரெண்டு பக்கமும் ஒழுகி வெளிய வந்துரும், இரை உள்ள நின்னுரும். பைனாகுலர்ல அந்த ஒழுகுற தண்ணி வெயில்ல மினுங்குறது தெரியும்.

கடைசியா ஒண்ணு. உக்காந்திருக்கிற பழுப்பு வாத்துகளோட மல்லுக்கட்டாதீங்க. சேற்றுப் பூனைப்பருந்து வரட்டும்னு காத்திருங்க. கோரைக்கு மேல தாழப் பறந்து வரும், மொத்தக் கூட்டமும் எழும்பும். சிறகு விரிஞ்சா மறைக்க ஒண்ணுமில்ல. தோள்பட்டைப் பக்கம் நல்ல வானநீலமும் முன்னால கனமான அலகும் இருந்தா தட்டைவாயன். வெளிறின சாம்பல்நீலம்னா ஆண் நீலச்சிறகி, புருவம் வராட்டியும் அந்தச் சிறகு ஆணைக் காட்டிக்கொடுத்துரும். நீலமே இல்லாம ஓட்டமாப் பறக்கிற குட்டி வாத்து, சிறகுல பச்சைத் துண்டு மட்டும் மின்னுச்சுன்னா கிளுவை. ஊசிவாலைப் பத்திக் கவலையே வேண்டாம், கழுத்தும் வாலும் நீண்டு மெலிஞ்சு தெரியும்.

---

பாளை வாசகி

ஐயா, ரொம்ப நன்றி. நீங்க சொன்னபடியே சாயங்காலம் போனோம். விசில் சத்தம் கேட்டு என் மகன் குதிச்ச குதியில பக்கத்துல நின்ன பால்காரர் வண்டியை நிறுத்திட்டு என்னன்னு கேட்டார். அவருக்கும் காட்டினான்.

தட்டைவாயனும் கிடைச்சுது, நீங்க சொன்ன அதே நாத்தம் பிடிச்ச மூலையில. நாலு மட்டும்தான், ஆனா வட்டம் சுத்துச்சு.

ஒரு வருத்தம். வெளிச்சம் மங்குற நேரத்துல ஒருத்தர் கரையில நின்னுட்டு ட்ரோன் விட்டார். தூங்கிட்டிருந்த கூட்டம் பூராவும் எழும்பிப் போயிடுச்சு. "சிறகை விரிச்சாத்தான் படம் நல்லா வரும்"னார். நீங்களும் சிறகு விரிஞ்சாத்தான் தெரியும்னு சொன்னீங்க, அதனால என் பையன் குழம்பிட்டான். பருந்து எழுப்பினா சரி, ட்ரோன் எழுப்பினா தப்பான்னு கேக்கிறான்.

அப்புறம், அவன் நோட்டுப் போட்டு எண்ணிக்கை எழுத ஆரம்பிச்சுட்டான். முதல் பக்கத்துலயே "வாத்து - நிறைய"ன்னு எழுதியிருக்கான். எப்படி எண்ணணும்?

---

தேரூர் டீச்சர்

உங்கள் மகனின் முதல் பக்கத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். என் மாணவர்களும் அப்படித்தான் தொடங்குவார்கள். நாங்கள் சுசீந்திரம் தேரூர் குளங்களில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எண்ணுவோம். அங்கே தாமரை இலை வேறு பாதியை மறைக்கும்.

முதலில் ட்ரோன். பருந்து வரும்போது கூட்டம் எழும்பும், ஒரு சுற்றுச் சுற்றும், பெரும்பாலும் அதே தண்ணீரில் இறங்கும். பருந்தின் நடமாட்டம் அவற்றுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். தலைக்கு மேல் நின்று இரைகிற ஒரு பொருள் எவ்வளவு நேரம் நிற்கும், எந்தப் பக்கம் திரும்பும் என்று வாத்துக்குத் தெரியாது. அதனால் குளத்தையே விட்டுப் போய்விடுகின்றன. பறப்பதற்குக் கொழுப்பு செலவாகும். இங்கே வத்திக்கொண்டிருக்கும் குளங்களில் தின்று சேர்த்த கொழுப்பை நம்பித்தான் பங்குனியில் மத்திய ஆசியாவுக்கும் சைபீரியாவுக்கும் திரும்ப வேண்டும். இந்தியாவில் காலில் வளையம் போட்டு விட்ட வாத்துகள் கஜகஸ்தானிலும் சைபீரியாவிலும் கிடைத்ததாக பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பதிவுகள் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போகிற பறவையை ஒரு ரீல்ஸுக்காக எழுப்புவது அநியாயம். பையனிடம் இப்படியே சொல்லுங்கள்.

எண்ணுவதற்கு ஒரே வழிதான், பொறுமை. கூட்டத்தின் ஓரத்தில் பத்து வாத்துகளை ஒன்று ஒன்றாக எண்ணச் சொல்லுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று கண்ணில் பதிய வைத்துக்கொள்ளட்டும். பிறகு அதே அளவை அளவுகோலாக நகர்த்தி நகர்த்தி முழுக் கூட்டத்தையும் அளக்க வேண்டும். பெரிய கூட்டமென்றால் ஐம்பது. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, எழுதிய பிறகுதான் ஒருவர் தாளை ஒருவர் பார்க்க வேண்டும். முதலில் மொத்தம், அப்புறம் இனம். பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்து, அழகான ஆண் ஊசிவாலை மட்டும் மூன்று தடவை எண்ணுவார்கள்.

தேதி, நேரம், குளத்தின் பெயர், தண்ணீர் மட்டம், இவை நான்கும் இல்லாத எண்ணிக்கை வீட்டுக் குறிப்பாக மட்டும் நிற்கும். எழுதியதை இ-பேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் பிறருக்கும் பயன்படும். பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். 2015 முதல் நடக்கிறது, யாரும் கலந்துகொள்ளலாம், பதினைந்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரியில்தான், அது 1987 முதல். உங்கள் மாவட்டத்திலேயே 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதில் பெரியவர்களோடு ஒரு நாள் சுற்றினால், நாம் இங்கே எழுதுகிற எல்லாவற்றையும் விட அதிகம் கற்றுக்கொள்வான்.

மெர்லின் பற்றி ஒரு வார்த்தை. பழுப்பு வாத்து விஷயத்தில் அது அடிக்கடி தடுமாறும். பையன் முதலில் தானே ஒரு பெயரை எழுதட்டும், காரணத்தையும் எழுதட்டும், அதன் பிறகு ஆப்பைத் திறக்கட்டும்.

---

வெள்ளலூர் சைக்கிள்காரன்

டீச்சர், ஆப் தடுமாறுதுன்னு ஒத்துக்கிறேனுங்க. ஆனா கூட ஒரு ஆளு இல்லாம தனியா ஆரம்பிக்கிறவங்களுக்கு அதை விட்டா யாரு இருக்கா? எனக்கெல்லாம் அப்படித்தான் பழக்கமாச்சு.

மறுகால் ஐயா ஆழத்தைப் பத்திச் சொன்னது எங்க ஊருக்கும் பொருந்துதுங்க. இங்க ஒரு குளத்தை அழகுபடுத்துறோம்னு ஆழமாத் தோண்டி, சுத்திச் சரிவெல்லாம் எடுத்துட்டு நேர்ச்சுவரு கட்டி, நடைபாதையும் விளக்கும் போட்டாங்க. தண்ணி வருஷம் பூரா நிக்குது, ஜனங்க வாக்கிங் போறாங்க. வாத்து மேயுறதுக்கு அந்தச் சேத்து ஓரம்தான் வேணும், அது போயிடுச்சு. இப்ப அதுல நாமக்கோழியும் நீர்க்காகமும் மட்டும்தான் இருக்குது. புகார் பண்ணா "தண்ணி நிறைய இருக்கே"ங்கிறாங்க.

---

மறுகால்

தம்பி சொல்ற சுவரு இங்கேயும் வந்துக்கிட்டுதான் இருக்கு. கரையைப் பலப்படுத்த வேண்டிய இடத்துல கல்லு வைக்கணும், அதை நான் மறுக்க மாட்டேன், அலையடிச்சா கரை கரையும். ஆனா குளத்துக்கு நாலு பக்கமும் கரை கிடையாது. தண்ணி வாற பக்கம் சரிவா, தாழ்வா, திறந்துதான் இருக்கணும். அங்கதான் மாடு இறங்கும், வாத்தும் இறங்கும்.

அம்மா, வேற குளம் கேட்டீங்க, நான் பதில் சொல்லாம விட்டுட்டேன். கூந்தன்குளத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, மூலைக்கரைப்பட்டி வழி. 1994ல சரணாலயமாச்சு, ராம்சார்ங்கிற உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலப் பட்டியல்ல சேர்த்ததா 2022ல அறிவிச்சாங்க. ஆனா அதுக்கெல்லாம் ரொம்ப முந்தியே ஊர்க்காரங்க காப்பாத்தின இடம். வீட்டுக் கொல்லையில நிக்கிற மரத்துல நாரை கூடு கட்டும், கீழ எச்சம் வெள்ளையா விழும், அதைக் கூட்டித் தள்ளிட்டு வேலையைப் பாப்பாங்க. தீபாவளிக்கு வெடி போடுறதில்ல. பறவை பாக்கிற கோபுரத்துல ஏறிப் பாத்துட்டு எல்லாரும் திரும்பிருவாங்க. நீங்க பக்கத்துக் காடன்குளத்துக்கும் போங்க, அதுவும் சரணாலயத்துல சேர்ந்ததுதான். வாத்துக்கு நான் அதைத்தான் சொல்லுவேன். தண்ணி இருக்குதான்னு மட்டும் முந்தின நாள் யாரையாவது கேட்டுக்கோங்க. மணிமுத்தாறு தண்ணியை நம்பி இருக்கிற குளம், எல்லா வருஷமும் ஒண்ணு போல இருக்காது.

தையில போனா வரித்தலை வாத்து கிடைக்க வாய்ப்பு இருக்கு. இமயமலையைத் தாண்டி வாற சாதி. தண்ணியில தேடாதீங்க, அறுத்த வயல்லயும் குளத்து உள்வாய்ப் புல்லுலயும் மாடு மாதிரி மேஞ்சுட்டு நிக்கும். தலைக்குப் பின்னால ரெண்டு கறுப்புப் பட்டை இருக்கும், இங்க வேற எதோடயும் குழப்பிக்க முடியாது. நேரா அதை நோக்கி நடந்தா கழுத்தைத் தூக்கும். கழுத்தைத் தூக்கினா நின்னுருங்க. வரப்புல சாய்வாட்டம், வேற எங்கேயோ போற மாதிரி நடந்தா கொஞ்சம் கிட்டத்துல பாக்கலாம். வெள்ளைச் சட்டை வேண்டாம், பையனுக்கு ஒரு தொப்பி, தண்ணிப் பாட்டில்.

அறுவடை நேரத்துல கிடை போட்டு வாத்து மேய்க்கிறவங்க வருவாங்க. நூத்துக்கணக்குல வரப்பு மேல நடந்து போற பழுப்பு வாத்தைப் பாத்து அவசரப்பட்டு நோட்டுல ஏத்திரப் போறான், சொல்லி வைங்க. பின்னால கம்போட ஒரு ஆளு வந்தா அது வலசை வாத்து இல்ல.

வலை போட்டுச் சிறகி பிடிச்சு விக்கிறதைக் கண்டா நீங்க போய்ச் சண்டை போடாதீங்க, கூடப் பிள்ளை இருக்கான். இடத்தையும் நேரத்தையும் குறிச்சு வனத்துறைக்குச் சொல்லிருங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம், அது விக்கிறவங்களுக்கும் தெரியும்.

நோட்டுல இன்னொரு வரிசை போடச் சொல்லுங்க, "வாத்து, இனம் தெரியல"ன்னு. இ-பேர்டுலயும் அப்படி ஏத்த இடம் உண்டு. கார்த்திகை மார்கழியில அந்த வரிசைதான் பெருசா இருக்கும், மாசியில தன்னால சுருங்கும். இதே நயினார்குளத்துக்கே பங்குனி வரைக்கும் போகச் சொல்லுங்க, புதுக் குளம் தேடி அலைய வேண்டாம். கூந்தன்குளம் ஒரு தடவை போதும். தண்ணி மட்டத்தைக் குறிக்க மடைப் படிக்கட்டு நல்ல அடையாளம். எத்தனை படி வெளிய தெரியுதுன்னு ஒவ்வொரு வாட்டியும் எழுதட்டும். எந்தப் படி தெரியுறப்ப வாத்து வந்து இறங்குதுன்னு அவனே கண்டுபிடிச்சு இங்க எழுதினா நானும் தெரிஞ்சுக்குவேன். எங்க காலத்துல அதை யாரும் குறிச்சு வைக்கல.